முதல் அழைப்பு மண்ணியலுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் பக்கம் இந்த ஆண்டு குளிர் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடாமல் வயலில் போய் நிற்காதே. இங்கே இருந்தபோது வெயிலுக்குத் தொப்பி போடச் சொன்னால் கேட்காதவன், அங்கே போய்த் திருந்தியிருப்பாய் என்று நம்ப எனக்கு ஆதாரம் ஏதும் இல்லை.

கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கடைப் பலகையிலிருந்து மருந்துச் சீட்டு வரை எத்தனை பிழை! உன் சார் இறந்த பிறகு, நாங்கள் இருவரும் இருந்த பல்கலைக்கழகக் குடியிருப்பைக் காலி செய்துகொடுத்துவிட்டுப் பின்வாசலுக்கு எதிரே ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். வீடு எனக்குப் போதும். சில நாள் அதிகமாகவே இருக்கிறது. கீழ்வீட்டில் ஒரு தையற்காரர் குடும்பம். பட்டமளிப்பு விழா அங்கிகள் அவர்தான் தைக்கிறார். அவர் மனைவி என்னை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "எப்படிம்மா ஒத்தையா இருக்கீங்க? நானா இருந்தா சுவரோட பேச ஆரம்பிச்சிருப்பேன்" என்கிறாள். சுவர் என்னிடம் வாய் கொடுக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் எனக்கு வேலை ஒன்று வந்தது. பல்கலைக்கழகத்தின் வரலாற்று மலர் வெளியிடுகிறார்கள். பழைய அச்சகத்துப் பிழைதிருத்துநர் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று யாரோ நினைவுபடுத்தியிருக்க வேண்டும். மலர்க்குழுச் செயலாளர், மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைத்த ஒரு விரிவுரையாளர், அச்சுப்படிக் கட்டோடு வந்தார். "சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்க மேடம், போதும்" என்றார். சும்மா பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் ஆய்வேட்டை நான் பத்தி பத்தியாகத் திருத்த, நீ என் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துப் படுத்தது எனக்கு மறக்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்குத் திருத்த வேறு பிள்ளைகள் இல்லை.

முதல் பக்கத்திலேயே தவறு. வேதியியல் துறையோடு பல்கலைக்கழகம் பிறந்ததாம்! ஆற்றோர நிலமெல்லாம் உப்புப் பூத்து, விதைத்தது முளைக்காமல் போய், விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அரசு அலுவலகத்தை மறித்தார்கள். மண்ணைச் சோதிக்க ஒரு பழைய கிடங்கில் இரண்டு அறை ஒதுக்கினார்கள். அதுதான் மண்ணியல் துறை. அதற்குக் கைகொடுக்க வந்ததுதான் வேதியியல். கணிதம், மருத்துவம், சட்டம் எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தவை. சார் அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தபோது ஆசிரியர் ஓய்வறையில் மற்றவர்கள் அவரை, "என்ன மண்ணாங்கட்டி சார், இன்னிக்கு எதைக் கிண்டினீங்க?" என்று கேட்பார்களாம். அவர், "மத்தியானம் நீங்க சாப்பிட்டீங்களே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு கிண்டினேன்" என்பாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்ப்பார்.

மலரின் நடுப்பக்கத்தில் ஒரு பெரிய வரைபடம். மேலே வேந்தர், அடுத்து துணைவேந்தர், ஆட்சிக்குழு, கல்விப் பேரவை, அதற்குக் கீழே புலங்கள், கடைசி வரிசையில் துறைகள். எல்லாத் துறைக்கும் அழுத்தமான கட்டம். மண்ணியலுக்கு மட்டும் புள்ளிக்கோடு. ஏன் என்று கேட்டேன். விரிவுரையாளர் காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டே, "அது இன்னும் முடிவாகல மேடம்" என்றார்.

நீ பேரவைக் கூட்டம் பார்த்திருக்க மாட்டாய். அங்கே ஒரு வழக்கம். கூட்டம் தொடங்கும்போது பதிவாளர் துறைகளின் பெயரை, அவை பிறந்த வரிசைப்படி அழைப்பார். துறைத்தலைவர் எழுந்து "உள்ளோம்" என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று கூட்டங்களில் பதில் வராவிட்டால் துறை கலைந்தது. அறைகளும் பணியிடங்களும் மற்ற துறைகளுக்குப் போய்விடும். காகிதத்தில் மட்டும் ஒரு துறை இருக்கக்கூடாது என்று ஆரம்பித்தவர்கள் செய்த ஏற்பாடு. சாருக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். "ஆள் இல்லாத துறைக்கு நாற்காலி எதுக்கு?" என்பார். தன் நாற்காலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

அவருக்குப் பின் வந்தவர் ஓர் உரக் கம்பெனிக்குப் போய்விட்டார். பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விளம்பரம் செய்தும் தகுதியான ஆள் கிடைக்கவில்லை. இரண்டு கூட்டங்களில் முதல் அழைப்புக்கே பதில் வரவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு, மலருக்கு உதவியவள் என்ற மரியாதையில் என்னையும் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்திருந்தார்கள். சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டு சீக்கிரமே போய்விட்டேன். அதே நீள மேசை. துணைவேந்தருக்கு வலப்பக்கம் முதல் நாற்காலி மண்ணியலுடையது. அதில் பக்கத்துத் துறைக்காரர் தன் பையை வைத்திருந்தார். மாடத்திலிருந்து நான் முறைத்ததை அவர் கவனிக்கவில்லை.

பதிவாளர் எழுந்து, "மண்ணியல்" என்றார்.

சிலர் குனிந்து கைப்பேசியைப் பார்த்தார்கள். பதிவாளர் பேனா மூடியைத் திறந்தார். அப்போது ஒரு குரல், கணீரென்று, "உள்ளோம்" என்றது. நான் நின்றுகொண்டிருந்தேன். பள்ளியில் எங்கள் சிஸ்டர், பெயர் சொல்லி அழைத்தால் முதுகை நிமிர்த்தி நின்று கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார். துறையைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசித்துச் செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் குரல் முந்திக்கொண்டது.

எல்லாத் தலையும் மேலே திரும்பியது. பதிவாளர், "அம்மா, நீங்க பார்வையாளர். தயவுசெஞ்சு உட்காருங்க" என்றார். துணைவேந்தர் ஒரு பெண்மணி, அறுவை சிகிச்சை நிபுணர், வீண் பேச்சு பேசாதவர். அவர், "பதிவாளர் சார், பதில் வந்துச்சா, வரலையா?" என்று கேட்டார். "வந்துச்சு மேடம். ஆனா தப்பான இடத்துலேருந்து வந்துச்சு" என்றார் பதிவாளர். அவையே சிரித்தது. துணைவேந்தர், "அப்போ இன்னிக்கு பதில் இல்லைன்னு எழுத வேண்டாம். இன்னும் ஒரே ஒரு தடவை விளம்பரம் கொடுங்க. அடுத்த கூட்டத்துல சரியான இடத்துலேருந்து வருதான்னு பாப்போம்" என்று முடித்தார். பிறகு மாடத்தைப் பார்த்து, "அடுத்த தடவை மாடத்தைப் பூட்டிடுவேன்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் பூட்டிவிடுவார்.

கூட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரரோட மாணவர் ஒருத்தர் வெளிநாட்டுல பெரிய ஆளா இருக்காராமே, அவரைக் கேட்டுப் பாக்கலாமா?" என்றார். நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீடும் ஆய்வகமும் பள்ளிக்குப் போகும் குழந்தையும் இருக்கிற மனிதனை வா என்று கூப்பிட நான் யார்? இதை உனக்கு எழுதுவது செய்திக்காக மட்டும். விளம்பரம் அடுத்த வாரம் வருகிறது. அடுத்த கூட்டம் கோடை விடுமுறை முடிந்ததும்.

திரும்பும் வழியில் துறைக்குப் போனேன். காவலாளி என்னை அடையாளம் கண்டு பூட்டைத் திறந்துவிட்டார். சாரின் அறையில் தேர்வுப் பிரிவின் உடைந்த மேசைகளை அடுக்கியிருக்கிறார்கள். உன் மேசை ஜன்னலோரம் அப்படியே இருக்கிறது. அலமாரியில் மண் மாதிரிகள் அடைத்த ஜாடிகள், எல்லாவற்றிலும் நீ ஒட்டிய சீட்டுகள். பாதிச் சீட்டுகளில் எழுத்துப்பிழை. என் கைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுக்கவில்லை. ஒரு ஜாடியைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் அங்கிக்கு அளவெடுக்கப் போன இடத்தில் தையற்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் மனைவி படியிலேயே நிறுத்தி, "ஏம்மா, ஒத்தை ஆளா நின்னுக்கிட்டு 'உள்ளோம்'னீங்களாமே! கூட யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு எப்போதும் சுடச்சுட ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறவள்தான் நான். அன்று கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே படியேறினேன். மேலே வந்து விளக்கைப் போட்டேன். இந்த வீட்டில் யாரும் எதற்கும் என்னைக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னும் ஒன்று. சார் இறந்தபோது உனக்கு எழுதினேன். இந்த வீட்டுக்கு வந்ததும் புது முகவரியோடு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் தவறியிருக்கலாம். அல்லது அழுகைக்கு நடுவே என்ன எழுதுவது என்று தெரியாமல் நாளைத் தள்ளியிருப்பாய், நீ அப்படித்தான். எப்படியானாலும் இது மூன்றாவது. நம் பல்கலைக்கழகத்து வழக்கம் இப்போது உனக்கும் தெரியும்.

வர முடியாது என்றால் அப்படியே எழுது. அதுவும் பதில்தான். ஒரு வரி போதும். எத்தனை பிழை இருந்தாலும் திருத்த மாட்டேன்.

குழந்தையின் தலையில் என் கையை வைத்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

தபாற்காரர் வரும் நேரத்தில் எப்போதும் வீட்டில் இருக்கும்,
உன் அம்மா
(நீ அப்படித்தான் கூப்பிட்டாய்)