ரிலீவர் வராத வீடு

அக்கா,

இன்று காலை கொடியிலிருந்து உங்கள் பழைய பச்சைச் சேலையை எடுத்தேன். நாலாக மடித்து அப்பாவின் இடுப்புக்குக் கீழே விரித்து, ஓரங்களைப் பிடித்து அவரைப் புரட்டுவதற்காக நீங்கள் கொண்டுவந்தது. எத்தனை முறை அலசியும் டெட்டால் வாசனை போகவில்லை.

அப்பா பக்கவாதத்தில் படுத்தபின், அவரைப் பார்த்துக்கொள்ளும் சம்பள வேலைக்கு, அம்மா இல்லாத இந்த மந்தாரக்குப்பம் வீட்டுக்கு முத்தாண்டிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவீர்கள். பள்ளிக்கூட வேலை முடிந்து நான் திரும்பும்வரை அவருக்கு நீங்கள்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது பக்கம், வலது பக்கம். மூன்று வருடத்தில் அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. நிலக்கரி மைன்ஸில் வேலையில் இருந்த காலத்தில், ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டு ஆள், வராமல் இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை என்பது அப்பாவின் பெருமை. சாயங்காலம் நீங்கள் பையை எடுத்தாலே குழறிக் கேட்பார்: "ரிலீவர் வந்தாச்சா?"

"வந்துட்டாங்க சார், காப்பி குடிச்சிகினு இருக்காங்க. என்னிய பர்மனென்ட் பண்ணச் சொல்லுங்க, நைட்டு ஷிப்டும் பாக்கறேன்" என்பீர்கள். அப்பா ஒரு பக்க வாயால் சிரிப்பார்.

பிறகு உங்களுக்கும் அதே பக்கவாதம் வந்தது. அரசுக் காப்பீட்டு கார்டைக் காட்டியதும் ஆஸ்பத்திரியில் நன்றாகவே பார்த்தார்கள். டிஸ்சார்ஜ் என்றதும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். டிஸ்சார்ஜ் என்றால் பிழைத்தாயிற்று என்றுதான் நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். கவுன்டரில் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன், வீட்டில் பார்த்துக்கொள்ள யாரையாவது அனுப்புவார்களா என்று. "கார்டு வியாதிக்குத்தாம்மா. ஆளுக்கெல்லாம் வராது. வீட்டுல பாத்துக்குங்க" என்றார் அங்கிருந்தவர். தன்மையாகத்தான் சொன்னார்.

வீட்டில் உங்கள் கணவர் மட்டும். முந்திரித் தோப்புக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து தர அரசு சுகாதாரத் திட்டத்தில் ஒரு பெண் உண்டு. புரட்டிவிடுவது அவள் வேலையில் சேராது. நானோ, உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்காமல் வேலையை விட்டு அப்பாவோடு இருந்தேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஆறு வாரம் ஓடியது.

பக்கத்து வீட்டில் கெஞ்சி, அப்பாவை இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு வந்தேன். உங்கள் வாசலிலேயே தெரிந்துவிட்டது. "புண்ணு வந்தா மொதல்ல மூக்குக்குத்தான் தெரியும் பாப்பா" என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். பகலெல்லாம் ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறீர்கள். என்னைப் பார்த்ததும், கோணிய வாயால், அப்பாவைப் போலவே கேட்டீர்கள்:

"ரிலீவர் வந்தாச்சா?"

கேலிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி சேர்த்தோம். இப்போது புண் ஒரு வியாதி. அதற்குக் கார்டு செல்லும். ஊசி, மருந்து, கட்டில் எல்லாம் கிடைத்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கைகள் கிடைத்திருந்தால் அவற்றில் எதுவுமே வேண்டியிருந்திருக்காது. பத்தாம் நாள் போய்விட்டீர்கள்.

பட்ஜெட் செய்திகளை இப்போது வரி விடாமல் படிக்கிறேன். புதிய கட்டடம், புதிய கருவி. ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே படுத்திருப்பவரைப் புரட்டிவிட ஒரு கை எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிறேன்.

சாயங்காலமானால் அப்பா இன்னும் கேட்கிறார். பச்சைச் சேலையின் ஓரங்களைப் பிடித்தபடி, "வரலப்பா" என்கிறேன்.

"அப்ப எடத்த வுட்டுப் போவாத" என்கிறார்.

அவரை வலது பக்கம் திருப்புகிறேன்.