பழைய சாலையில் வந்த ஆடுகள்

மார்ச் 3, புதன்

தண்ணீர் கேட்டு ஐந்தாவது கடிதம் எழுதிக் கொடுத்தேன். தனிமைக் கொட்டகைக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது. பச்சையில் வெள்ளை எழுத்து, இரண்டு ஆள் உயரம். குழாய் வரவில்லை. எல்லை தாண்டி வரும் ஆடுகளை, நோய் இருக்கிறதா என்று, கால்நடை மருத்துவரான நான் இருபத்தொரு நாள் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது. தண்ணீர் இல்லாமல் ஒரு நாள்கூட வைக்க முடியாது.

சிரியாவுக்குப் போகும் இந்தச் சாலை மூடி ஒன்பது வருஷம். திறந்தால் எங்கள் ஊர் தல் ஸஃபூக் பிழைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும்தான். கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கிற ஊரில் வேறென்ன சொல்வது? ஆனால் இவர்கள் திறக்கிற லட்சணம்! விழாப் பந்தலில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை புதுத் தார். அதற்கு அந்தப் பக்கம் பழைய குழிகள் அப்படியே.

எல்லை நிலைய இயக்குநர் அபு லுவையிடம் குழாயைப் பற்றிக் கேட்டேன். "மொதல்ல ரோடு தெறக்கட்டும் டாக்டரம்மா. ஆடு என்ன குளிக்கவா வருது?" என்றார். சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவர் வாயைத் திறந்தாலே சிரிக்கிறவர்கள்.

மார்ச் 10, புதன்

விழா தள்ளிப் போய்விட்டது. புழுதிக் காற்றில் அமைச்சரின் ஹெலிகாப்டர் வராதாம். சாலையைத் திறக்க வருகிறவர் சாலையில் வரக் கூடாதா?

மார்ச் 13, சனி

லாரிகளை யாரும் தள்ளிப் போடவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்று நாளாக வரிசையில் நிற்கின்றன. ரிப்பன் வெட்டாமல் ஒரு சக்கரமும் உருளக் கூடாது என்று உத்தரவு. இன்று கம்பிவேலி வரை போய்ப் பார்த்தேன். தக்காளி லாரிகளின் அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் ஒழுகி ஓடுகிறது, அதன் மேல் ஈ மொய்க்கிறது. ஓட்டுநர் ஒருவர் அழுகாத பழமாகப் பொறுக்கி எடுத்து வேலி இடுக்கு வழியாக எனக்கு ஒன்று கொடுத்தார். "சாப்பிடுங்க அம்மா. விழாவுக்கு நாங்க கொண்டாந்த சீர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கடைசியில் இரண்டு ஆட்டு லாரிகள். மூன்று அடுக்கு. ஹாஜி முத்லக்கின் சரக்கு, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. எங்கள் ஆட்டுச் சந்தையில் அவர் வைத்ததுதான் விலை, முதல் அனுமதியும் அவருக்குத்தான். மேல் அடுக்கின் கழிசல் கீழ் அடுக்கின் முதுகில் வழிந்து காய்ந்திருந்தது. கழிசல் இவ்வளவு தண்ணியாக ஏன் இருக்கிறது? வெயிலா, தீவனமா?

மார்ச் 16, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரிச் சொல்லிக்கொள்வேன்.

இன்று விழா. காலை எட்டு மணிக்கு ஆட்டு லாரியில் ஏறினேன். மருந்து தெளிக்கும் ஹவாஸ் ஆட்டைப் பிடித்துக்கொண்டார். முதல் ஆட்டின் வாயைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஈறு முழுக்கத் தவிடு ஒட்டினது போல வெள்ளைப் புண். மூக்கில் சளி கட்டி அடைத்திருந்தது. இரண்டாவது ஆடும் அப்படியே. மூன்றாவது நன்றாக இருந்தது. நாலாவதுக்குக் கண் திறக்க முடியாமல் பீளை. ஆட்டுக்கொல்லி நோய். ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, அந்த நாற்றமே போதும்.

இறங்கிப் போய்ச் சொன்னேன். அபு லுவை புது கோட்டு போட்டு அத்தர் பூசியிருந்தார்.

"எத்தனை ஆட்டுக்கு?"

"நாலு பார்த்ததுல மூணு. லாரி முழுக்க இருக்கும். உள்ள விடக் கூடாது."

"டாக்டரம்மா, அமைச்சர் கை காட்டுறப்ப உள்ள வர்ற மொத லாரியே அதுதான். கேமரா நிக்குது. இப்ப போயி திருப்பி அனுப்புன்னா, ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் தெறந்த ரோட்ட ஒன்பது நிமிஷத்துல மூடினவன்னு என் பேரு நிக்கும்."

பக்கத்தில் நின்ற ஹாஜி முத்லக் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டே, "ஆறு நாள் வெயில்ல நின்னா மனுஷனுக்கே வாய் வேகும், மகளே" என்றார்.

பிறகு அபு லுவை குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்துப் போடுங்க. விழா முடிஞ்சதும் ரெண்டு லாரியையும் நேரா உங்க கொட்டகைக்கு அனுப்புறேன். தண்ணி லாரி நானே ஏற்பாடு பண்றேன். வாக்கு."

நான் போட்டேன். 'பரிசோதிக்கப்பட்டன, நோய் அறிகுறி இல்லை.' என் பெயர், என் முத்திரை.

சிறுபிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். மண்டல வணிகம், சகோதரத்துவம் என்று அரை மணி நேரம் பேச்சு. அது முடிந்ததும் லாரிகள் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் போயின. புழுதி அடங்கும்வரை நின்று பார்த்தேன். ஹவாஸ் என்னைப் பார்க்கவில்லை. பம்ப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, புதன்

நாலு தடவை கை கழுவினேன். சீ.

மார்ச் 18, வியாழன்

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மதியம் வரை படுத்தே கிடந்தேன். இன்று சந்தை. போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மூன்று மணிக்கு முற்றத்தில் ஆடு கத்தும் சத்தம். தம்பி மிஜ்பில் வந்திருந்தான். ஆறு புதுப் பெட்டை ஆடுகள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. அவனுக்கு எழுபத்தொரு ஆடு. அதுதான் அவன் சொத்து, அவன் பிழைப்பு, எல்லாம்.

"ரோடு தெறந்து வந்த மொத ஆடு நம்ம வீட்டுக்குத்தான் அக்கா" என்றான். "கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கேன்னு யோசிச்சேன். முத்லக் ஆளு உன் சர்டிபிகேட்டக் காட்டினான். இது எங்கக்கா கையெழுத்துல்ல, அப்புறம் என்ன பார்க்குறதுன்னு ஓட்டிட்டு வந்துட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பத்து நாள் தனியாக் கட்டு." அவ்வளவுதான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படித்தவள் சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

மார்ச் 20, சனி

நேற்று அவன் வெளியே போயிருந்த நேரத்தில் அவன் மனைவி ஷுக்ரியா ஆறையும் மற்றதோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டியிருக்கிறாள். "பாவம், தனியா நின்னு கத்துதுங்க அண்ணி" என்றாள். அவளை என்ன குற்றம் சொல்ல? அவளிடம் யார் என்ன சொன்னார்கள்?

மிஜ்பிலைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டேன். லாரி, வாய்ப்புண், கோட்டு, வாக்கு, கையெழுத்து. அவன் கத்தவில்லை.

"தெரிஞ்சே போட்ட."

"ஆமா."

"வியாழக்கிழம நான் ஓட்டிட்டு வந்தப்பவும் தெரியும்."



மார்ச் 25, வியாழன்

அவனுடைய ஆடுகளில் ஒன்பதுக்கு மூக்கு ஒழுகுகிறது. மாவட்டத்துக்குப் போய்த் தடுப்பூசி கேட்டேன். குளிர்பெட்டி மோட்டார் போன மாதமே எரிந்துவிட்டதாம். நானூறு டோஸ்தான் உருப்படியாக இருந்தது. நம் ஆடுகளுக்குப் போட்டுப் பயனில்லை, நோய் உள்ளே வந்துவிட்டது. வடக்கே இன்னும் தொடாத பட்டிகளுக்குப் போட ஹவாஸின் பிக்கப்பில் போனேன். மிஜ்பிலிடம் அதைச் சொன்னது ஷுக்ரியாதான். அவன் என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 31, புதன்

செத்தது முப்பத்திரண்டு.

ஏப்ரல் 5, திங்கள்

நாற்பத்து மூன்று. குழி வெட்ட முத்லக்கின் மண்வாரி இயந்திரத்தைக் கேட்டேன். சாலை வேலைக்குப் போயிருக்கிறதாம். கையால் வெட்டினோம். ஷுக்ரியா மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுண்ணாம்பு தூவினாள். பால் மறக்காத குட்டிகள் செத்த தாயின் மடியை முட்டிக்கொண்டு நின்றன. வீட்டுக்குள், துணியில், சமூன் ரொட்டியில்கூட அந்த நாற்றம். இரண்டு நாளாகத் தேநீர் மட்டும்தான் இறங்குகிறது.

ஊரில் பதினோரு பட்டி. எல்லாம் அந்தச் சந்தையில் வாங்கியவர்கள்.

ஏப்ரல் 8, வியாழன்

அபு லுவை கூப்பிட்டார். தலைநகரிலிருந்து குழு வருகிறதாம், அறிக்கை வேண்டுமாம். அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். என் கையெழுத்துக்கு இடம் மட்டும் காலி.

படித்தேன். நோய் உள்ளூரில்தான் தொடங்கியதாம், மேய்ப்பர்களின் சுகாதாரக் குறைவாம். முதலில் நோய் தெரிந்த பட்டி... மிஜ்பில். என் தம்பியின் பெயரை முழுசாக, தகப்பன் பெயர் பாட்டன் பெயரோடு எழுதியிருந்தார்கள்.

"இவன் என் தம்பி."

"தெரியும். அதான் உங்ககிட்டயே குடுக்குறேன். வெளியாளு எழுதினா இன்னும் கடுமையா எழுதுவான்."

அந்த ஆள் இதை உதவி என்றே நினைக்கிறார். எலுமிச்சை உப்பு போட்ட பிஸ்தாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க உண்மைய எழுதினா மொதல்ல மாட்டுறது யாரு? சர்டிபிகேட்ல என் பேரு எங்கயாவது இருக்கா? ரோடு பெருசும்மா. ஆடு செத்தா ஆடு பொறக்கும்."

காகிதத்தை வாங்கி வந்துவிட்டேன். கையெழுத்து வேண்டியது இரண்டே நாளில்.

அவர் சொன்னது சரிதான். என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

ஏப்ரல் 10, சனி

எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். 'மார்ச் 16 காலை இந்நோயைக் கண்டேன். கண்ட பிறகும் நோய் இல்லை என்று சான்றளித்தேன். காரணம் கீழே.' யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக. தலைநகருக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. அபு லுவை மேஜையில் ஒன்று.

ஏப்ரல் 15, வியாழன்

நோன்பு மூன்றாம் நாள். சந்தையில் ஆடு இல்லை. ஆடு இழந்த மனிதர்கள் மட்டும் வழக்கத்துக்கு வந்து நின்றார்கள். கடிதத்தின் நகலை அங்கே வாசித்தேன். முடித்ததும் நூற்றிருபது ஆட்டில் ஏழு மிஞ்சிய அபு சுவைலிம் என் முன்னால் வந்தார்.

"மாசம் முடிய வந்து சொல்றியே, அன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்து சொல்லியிருந்தா என் பொழப்பு நிக்குமே. அன்னிக்கு எங்க இருந்த?"

"வீட்டுல. படுத்திருந்தேன்."

காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார். நோன்பு வாயோடு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கூட்டத்தின் பின்னால் முத்லக் நின்று, "பொம்பளைக்கு மனசு சரியில்ல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மிஜ்பிலும் வந்திருந்தான். கடைசி வரை நின்று கேட்டான்.

மே 20, வியாழன்

குழு வந்தது, ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டது, போனது. அந்த ஆட்டை எங்கிருந்து பிடித்தார்கள்?

ஜூன் 6, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. எனக்குக் கடும் கண்டனம், ஐந்து வருஷம் பதவி உயர்வு கிடையாது. அபு லுவைக்குத் தலைநகரில் அமைச்சகத்திலேயே இடம். பிரிவு உபசாரத்துக்குக் கேக் வெட்டினார்களாம். மேய்ப்பர்களுக்கு ஒன்றும் இல்லை. அறிக்கையில் 'நோயின் மூலம் கண்டறிய இயலவில்லை' என்று இருக்கிறது. மிஜ்பில் பெயர் இல்லை. அது ஒன்றுதான் நான் சம்பாதித்தது.

என்னை மாற்றவில்லை. இந்தப் பொட்டலுக்கு வேறு மருத்துவர் யாரும் வரச் சம்மதிக்கவில்லையாம். கொட்டகைக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். அதைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டது புது இயக்குநர்.

ஜூன் 19, சனி

மிஜ்பில் மிச்சமிருந்த இருபத்திரண்டையும் விற்றுவிட்டான். வாசலில் நின்றபடி, மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினான்.

"முத்லக் லாரிக்கு ஓட்டப் போறேன்."

"முத்லக்கா?"

"இங்க வேற யாருகிட்ட லாரி இருக்கு? ஆடு இல்லாதவன் ரோட்டுலதான் சம்பாதிக்கணும். அதுக்குத்தானே தெறந்தாங்க."

ஜூலை 11, ஞாயிறு

ஹஜ் பெருநாள் வரப் போவதால் வரிசை நீளம். காலை ஏழு மணிக்கு முத்லக்கின் லாரி, நூற்றெண்பது ஆடு. ஓட்டி வந்தது மிஜ்பில். புது இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "நம்ம ஹாஜியோட சரக்குதானே, பத்துப் பாருங்க போதும்" என்றார்.

மிஜ்பில் இறங்கிப் பின்கதவை அவனே திறந்தான். ஹவாஸை விலகச் சொல்லிவிட்டு, முதல் ஆட்டைக் கழுத்தோடு பிடித்து, வாயைப் பிளந்து என் பக்கம் திருப்பினான். பார்த்தேன். அடுத்தது. அடுத்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னான். நூற்றெண்பதையும் பார்த்து முடிக்கப் பதினொன்றரை ஆயிற்று. வாயில் புண் எதற்கும் இல்லை.

புண் தெரியாமலே நோய் உள்ளே இருக்கலாம் என்பதால் விதிப்படி கொட்டகைக்கு அனுப்ப எழுதினேன். இருபத்தொரு நாள். பெருநாள் அதற்குள் முடிந்துவிடும். முத்லக் போனில் கத்தியது எனக்கே கேட்டது. மிஜ்பில் போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கொட்டகைப் பக்கம் திருப்பினான்.