நாலு குச்சியும் ஒரு கயிறும்

ஜனவரி 6

பழனாத்தாள் கோயமுத்தூர் போய் வருசமாகப் போகிறது. மகள் யோகப்பிரியாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவள். குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. இவள்தான் எல்லைக்கு இந்தப் பக்கம், பெருமாட்டிக்கு வரக் காணோம்.

போனில் கேட்டால், "கக்கூசுக்குத் தோப்பெத் தாண்டிப் போகோணும். என்ற முட்டி தாங்குமாங்க? ஊட்டோட ஒண்ணு கட்டுங்க, வர்றேன்" என்கிறாள்.

"அவசரமில்லே. நீ இல்லாம ஊடு அமைதியா இருக்குது" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 9

படுக்கிற அறையின் சுவரை ஒட்டி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். உள்ளே நின்று பார்த்தேன். அவளுக்குத் தாராளம். இளைத்திருக்க மாட்டாள்.

ஜனவரி 17

பஞ்சாயத்து ஓவர்சியர் ஜோபி வந்து டேப் பிடித்தார். பக்கத்துத் தோட்டத்து வேலிக்கு இடைவெளி போதாதாம். அந்தத் தோட்டக்காரன் மோகனசுந்தரம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பெர்மிட் கிடைக்குமாம். பெர்மிட் கட்டணம் வேறு ஏறிப்போச்சு.

"கக்கூசுக்கா இவ்வளவு? பிரசிடெண்ட் வந்து தண்ணி ஊத்துவாங்களா?" என்று கேட்டேன். அவர் மலையாளத்தில் சிரித்தார்.

ஜனவரி 19

மோகனசுந்தரத்திடம் போனேன். "எதுக்கு மாமா இப்பொ இது?" என்றான்.

"மகாராசா கணக்கா ஊட்டுக்குள்ளயே குளிக்கலாம்னுதான் மாப்ளே. நீயும் வா. வருசத்துக்கு ஒருக்காதானே குளிக்கறே."

முகம் கறுத்துவிட்டது. "உன்ற பவுசுக்கு என்ற வேலியோரந்தான் கெடைச்சுதா? போடமாட்டேன், போ."

ஜனவரி 22

பஞ்சாயத்தில் ஆட்சேபமே எழுதிக் கொடுத்துவிட்டானாம். ச்சே. இந்த வாய்...

ஜனவரி 26

கிராம சபை. வீட்டு வரி ஏற்றம், பெர்மிட் கட்டணம் ஏற்றம், பிளாஸ்டிக் எடுக்க வருகிறவர்களுக்கும் மாசாமாசம் கொடுக்க வேணுமாம். "சம்பளம், தெருவிளக்கு, எல்லாத்துக்கும் செலவு கூடிப்போச்சு. பஞ்சாயத்து என்ன பண்ணும்?" என்றார் மெம்பர். நிஜமாகவும் இருக்கலாம். என் வீட்டில்தான் செலவு குறைந்திருக்கிறது. ஒரு ஆளுக்குச் சோறு.

"மாரப்பண்ணா, என்னமாச்சும் சொல்லுங்க!" என்றார்கள் பின்னாலிருந்து. நக்கலுக்குக் காத்திருக்கிறார்கள். எழுந்தேன். ஒன்றும் வரவில்லை.

"என்ற ஊட்டுக்காரிக்கு முட்டி வலிங்க. கக்கூஸ் பக்கத்துல இருந்தாத்தான் வருவா. நான் தனியாக் கெடக்கறனுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கம்தானே. மோகனசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 27

காலையிலேயே வந்துவிட்டான். "ஏன் மாமா, அக்காளுக்குன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன? எல்லாத்தையும் நக்கலாவே சொன்னா எவனுக்குத் தெரியும்?"

ஆட்சேபத்தையும் திரும்ப வாங்கிக்கொள்கிறானாம். கையெழுத்துப் போட்டான். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 8

பெர்மிட் வரவில்லை. செக்ரட்டரி லீவு.

பிப்ரவரி 10

"ஊடு அமைதியா இருக்குதுங்களா?" என்று அவளே போனில் கேட்டாள்.

என்னவோ சொல்லிச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். "இல்லம்மிணி. நல்லால்லே. வந்துரு."

"கொழந்தெ அழுவுது" என்று வைத்துவிட்டாள். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 16

பெர்மிட் இன்னும் வரவில்லை. அவள் வந்துவிட்டாள். குழந்தையை இனி யோகாவின் மாமியார் பார்த்துக்கொள்வார்களாம்.

பையைக் கீழே வைக்கவில்லை, கயிற்றைப் பார்த்துவிட்டாள். "இந்த நாலு குச்சி நடறதுக்குத்தான் இத்தனெ நாளாச்சுங்களா?"

பிப்ரவரி 17

விடிந்ததும் தோப்பு வழியாக அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். வழி நெடுக வசவு. பஞ்சாயத்துக்கு, ஜோபிக்கு, எனக்கு. கையை மட்டும் விடவில்லை.

அந்தக் கக்கூசை எங்கப்பன் இன்னும் கொஞ்சம் தள்ளியே கட்டியிருக்கலாம்.