நான் அனுப்பிய படகு

டுசல்டோர்ஃப், ஜேர்மனி,
ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்து

அன்பு மகள் தேனுஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகம். நீ சுகமோ என்று கேட்கக் கை கூசுகிறது, போன முறை அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் போய்த்தானே இவ்வளவும் வந்தது, ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குத் தெரியாது, சுகமாயிருக்கிறாயோ பிள்ளை? அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, பேக்கரியில் கதிரையில் இருந்து செய்கிற வேலையாக மாற்றித் தந்திருக்கிறார்கள். அண்ணா ஆரூரனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, கலியாணப் பேச்சை எடுத்தால் மட்டும் உடனே குப்பை கொட்ட எழும்பிவிடுகிறான். நீ திரும்பக் காட்டுக்குள் போகமுதல் என்னோடு கதைத்தது ஓம், இல்லை, வைக்கிறேன் என்ற மூன்று சொல்லுத்தான். உன் முகாமில் போன் எடுக்காது என்பதால் இதைத் தபாலில் விடுகிறேன், உங்கள் ஏரிக்கரை வழிகாட்டி வேர்ணன் அங்கிளின் ஊர்த் தபாற்கந்தோருக்கு வந்தால் அவர் உன்னிடம் சேர்ப்பார். அதுவும் இப்போது அவர் துடுப்பு வலித்துத்தான் வரவேணும், அதற்கும் நான்தான் காரணம்.

நீ கோபித்தது சரி, ஆனால் என் பக்கத்தையும் ஒருக்கால் கேள். நீ கனடாவுக்குப் போய் அந்தப் பெரிய காட்டு ஏரிகளில் பறவை எண்ணுகிற வேலை தொடங்கிய நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் சின்னச் செய்மதிச் செய்திக் கருவியிலிருந்து அண்ணாவின் போனுக்கு ‘சுகம்’ என்று ஒரு சொல் வரும், அது வந்த பிறகுதான் நான் உலையில் அரிசி போடுவது. அந்த வெள்ளி வரவில்லை. சனியும் வரவில்லை. பாட்டரி முடிந்திருக்கும் அம்மா, பொறுங்கோ என்றான் அண்ணா. பொறுக்கிறவளா நான். கண்ணை மூடினால் கரடி, திறந்தால் கவிழ்ந்த வள்ளம். கேவலார் மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு உங்கள் காட்டுப் பூங்காக் கந்தோருக்கு எடுத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு இயந்திரம் கதைக்கிறது. பிறகுதான் ஏதும் அவசரமென்றால் என்று நீ குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன வேர்ணன் அங்கிளின் நம்பரைப் பார்த்தேன். டொச்சும் இங்கிலீசுமாகக் குழைத்து, என் பிள்ளை, இன்ன ஏரி, சத்தமில்லை என்றேன். மனுசன் ஒரு கேள்வி கேட்கவில்லை, போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

நீ இருந்த ஏரிக்குள் எஞ்சின் கொண்டுபோகக் கூடாது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் போனார். போய்ப் பார்த்தால் நீ பாறையில் காலுறை காயவைத்துக்கொண்டு நூடில்ஸ் சாப்பிடுகிறாய். அதற்குள் வள்ளத்தில் வந்த சுற்றுலாக்காரர் படம் பிடித்து முறைப்பாடு கொடுத்து, இப்போது அவருடைய படகை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது மட்டும் என்றாலும் பரவாயில்லை, அவருடைய ஊரில் வழிகாட்டி வேலை செய்கிற எல்லாருடைய எஞ்சினையும் நிறுத்தவேணும் என்று ஒரு கூட்டம் எழும்பியிருக்கிறதாம். ஒரு தாய்க்குப் பொறுமை இல்லாததற்கு ஒரு ஊரே துடுப்பு வலிக்கவேணுமோ?

நீ அண்ணாவுக்குச் சொன்னதை முதலில் கேட்டபோது நானும் அந்தச் சுற்றுலாக்காரர் மாதிரித்தான் நினைத்தேன். அமைதிக்கென்று வைத்திருக்கிற இடம், எல்லாரும் துடுப்பு வலிக்கிறார்கள், இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று. அப்பாதான் எஞ்சின் எவ்வளவு பெரிசு என்று கேட்டார். அண்ணா தேடிப் பார்த்து, அவர்களுக்கு விடுகிறது ஆகச் சின்னது, அதுவும் குறித்த சில ஏரிகளில் மட்டும், அந்த ஊர் வழிகாட்டிகளுக்கு மட்டும் என்றான். பூங்கா வருவதற்கு எவ்வளவோ காலம் முந்தியே அந்த ஏரிகளில் சீவித்தவர்கள், அந்தச் சின்ன எஞ்சினுக்கே வருசக்கணக்கில் மன்றாடியிருக்கிறார்கள். அப்பா சிரித்தார், அது சந்தோசச் சிரிப்பில்லை. சண்டைக் காலத்தில் எங்கள் கரையிலும் நேவி சொன்ன குதிரைவலுதான், நேவி சொன்ன தூரம்தான், நேவி சொன்ன நேரம்தான். “கடல் எங்கடை, எஞ்சின்ரை அளவு மட்டும் அவையள் சொல்லுவினம்” என்றார். ஒரு படகு நேரத்துக்குத் திரும்பாவிட்டால் மட்டும் ஒருவரும் நேவி தந்த அனுமதிப் பாசைப் பார்ப்பதில்லை, ஆட்கள் இறங்கிவிடுவார்கள். நான் அந்தக் கரைப் பெட்டை, பிள்ளையைக் காணவில்லை என்றால் படகை இறக்கு என்றுதான் என் வாயில் வரும். வேர்ணன் அங்கிளும் அப்படி ஒரு கரையில் பிறந்த ஆள்போல.

இப்போது என் பயம் முழுக்க உன்னில். கந்தோரில் உன் மேலதிகாரி இந்தக் கதையில் வாய் திறக்காமல் இருப்பது உனக்கு நல்லது என்று சொன்னாராம். கார்த்திகையோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, வேலை போனால் விசாவும் போகும். உண்மையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டிரு பிள்ளை என்று எழுதத்தான் நான் முதலில் பேப்பர் எடுத்தேன். அதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேர்ணன் அங்கிளுக்கு எடுத்தேன், அண்ணா பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தான். அப்போதுதான் தெரிந்தது, யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன் என்று அவர் விசாரணையில் சொல்லியிருக்கிறார். மேலதிகப் பாட்டரி இல்லாமல் நீ காட்டுக்குள் போனது உங்கள் விதிப்படி பிழையாமே, அது வெளியில் வந்தால் உனக்குக் கரைச்சல் என்று மறைத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கமுதல் அவர், “பிள்ளை கிடைச்சிட்டுதுதானே, நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

ஆகவே ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபிக்காதே, கோபித்தாலும் செய்ததுதான். எஞ்சின் விசயமாக அடுத்த மாதக் கடைசியில் அந்த ஊரில் நடக்கிற கூட்டத்தில் யாரும் தூரத்திலிருந்து வீடியோவிலும் கதைக்கலாமாம். அண்ணா புறுபுறுத்துக்கொண்டு எழுதிப் போட்டான், நான் கதைக்க நாளும் நேரமும் குறித்து டெர்மின் தந்துவிட்டார்கள். உங்களுக்கு மத்தியானம், எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். கூப்பிட்டது நான்தான் என்று சொல்லப் போகிறேன். உன் பாட்டரிக் கதையையும் விடமாட்டேன், அதை விட்டால் அவர் சும்மா ஓடித் திரிந்த ஆளாகிவிடுவார். உன் சோற்றில் நானே மண் அள்ளிப் போடுகிறேனோ என்று நூறு தரம் யோசித்துவிட்டேன். ஆனால் அந்த மனுசன் உனக்காகப் பொய் சொல்லிவிட்டுத் துடுப்பு வலிக்க, நீ அவருக்கு முன்னால் போய்வர, அந்தச் சீவியம் உனக்கு வேண்டாம் பிள்ளை. வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியே இருக்கிறது, தையல் மெசினை மட்டும் எடுக்கவேணும்.

என் இங்கிலீசு போதாது, தமிழிலே கதைக்கலாமோ என்று கேட்டோம். ஓம், மொழிபெயர்க்க ஆள் இருந்தால் என்று பதில் வந்தது. அண்ணா தன் பெயரைப் போடச் சொன்னான், நான் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வர ஏலாது என்றால் அண்ணா இருக்கிறான், நான் ஒரு சொல்லும் கேட்கமாட்டேன். வந்தால் உன் சொந்தக் கதை ஒன்றும் வேண்டாம், நான் சொல்கிறதை மட்டும் சொல்.

மாதா உன்னைத் தண்ணீரிலும் தரையிலும் காப்பாளாக. மிதவைச் சட்டையை வெயில் என்று கழற்றாதே, காலுறை ஈரமாக இருக்க விடாதே. இதைக் கொண்டுவருகிற மனுசனை முதலில் இருத்தித் தேத்தண்ணி கொடு, கை கொப்புளித்திருக்கிறதா என்று பார், பிறகு வாசி. கூட்டத்துக்கு வர முதல் நல்லாக யோசி, ஏனென்றால் பாட்டரி என்ற சொல் வரும்போது நீ மொழிபெயர்க்காமல் விட்டாலும் அங்கே எல்லாருக்கும் விளங்கும்.

உன்னை ஒவ்வொரு வெள்ளியும் பார்த்திருக்கும்,
அம்மா யோசப்பின்