ஆணியில் கிழிந்த சட்டை

என்னங்க,

போர்க்காலத்தில் நீங்கள் விமானம் ஓட்டப் பழகிய ஓடுபாதையில் இப்போது கார் ஓட்டப் பழக்குகிறார்கள். நம் மகளும் அங்கேதான் கற்றுக்கொள்கிறாள். நீங்கள் பார்த்திராத உங்கள் மகள். பிடிவாதத்தில் உங்களை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

இன்று வெயில் தாங்காமல் உங்கள் பழைய ஓய்வறைக்குள் போய் உட்கார்ந்தேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் துணித் துண்டுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று நீலக் கோடு போட்டது. ஓரத்தில் சிவப்பு நூல் தையல். உங்களுக்குப் புதுச் சட்டை தைக்கும்போது, நீல நூல் தீர்ந்துபோய் நான் போட்ட தையல்.

கார் சொல்லித் தருகிறவர் அந்தக் காலத்தில் அங்கே மெக்கானிக்காம். “முதல் தடவை தனியாப் பறந்துட்டு இறங்குனா, சட்டையில பின்பக்கம் ஒரு துண்டு வெட்டி மாட்டிடுவோம்மா. ஒரே கொண்டாட்டமா இருக்கும்,” என்றார்.

என்னிடம் என்ன சொன்னீர்கள்? “ஆணியில மாட்டிக் கிழிஞ்சிடுச்சு.” குழந்தை பிறக்கும்வரை தனியாகப் பறக்க மாட்டேன் என்று என் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தீர்களே, அதனால்தானே? புதுச் சட்டை போச்சே என்று நான் கத்த, நீங்கள் சிரித்துக்கொண்டே நின்றீர்கள். தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். மறுநாள் வேறு சட்டையில் பறக்கப் போனவர் திரும்பவில்லை. அதனால் அந்தக் கிழிந்த சட்டை மட்டும் எனக்கு மிஞ்சியது. இன்னும் தைக்கவில்லை.

சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நாலு திட்டு திட்டிவிட்டு நானும் சிரித்திருப்பேனே.

மாலையில் மகள் முதல் தடவையாகத் தனியாக ஒரு சுற்று ஓட்டி வந்து நிறுத்தினாள். இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தவள் கேட்கிறாள்: “ஏம்மா அழுறே? நான்தான் பத்திரமா திரும்பி வந்துட்டேன்ல?”

உங்கள் சண்டைக்காரி