வெளியில் மாமா

பிப்ரவரி 3
இன்றும் வகுப்புக்குப் போகவில்லை. காலணியைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கசூபா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான்கு வயது. "அப்பா, காலு வலிக்குதா?"
வலி காலில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 5
மழையால் அவள் பள்ளிக்கு விடுமுறை. கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அதே பாடம்: அங்கே நான் அப்பா இல்லை, மாமா. அப்பா என்றால் பையன்கள் "அம்மா எங்கே?" என்பார்கள். என் மனைவி தெல்மா இறந்து எட்டு மாதம். அதற்குப் பதில் இன்னும் என் வாயில் வரவில்லை. தாய்மாமன் பிள்ளை வளர்த்தால் இங்கே யாரும் மேலே கேட்பதில்லை.
ஊரில் என்னைக் கூப்பிடுவதே 'பாஷி கசூபா' என்றுதான். கசூபாவின் அப்பா. பிள்ளையின் பெயரால் பெற்றவரைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அந்தப் பெயரைப் பேருந்திலேயே விட்டுவிட்டு, கல்லூரி இருக்கும் இந்தக் கிட்வே நகரில் இறங்கினேன்.
என் வகுப்புப் பையன் சிசெங்கா சிரித்தான். "என்ன பெருசு, அக்கா பொண்ணை உன் தலையில கட்டிட்டாங்களா?" நானும் சிரித்தேன். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 11
கசூபாவுக்குக் காய்ச்சல். ஈரத்துணி போட்டேன். கண்ணைத் திறக்காமலே, "மாமா, தண்ணி" என்றாள்.
வீட்டில்! எங்கள் இருவரைத் தவிர யாருமில்லாத வீட்டில்.
என்னடா பண்ணி வச்சிருக்கே? அம்மா இல்லாத புள்ளைக்கு அப்பாவையும் இல்லாம ஆக்கிட்டியே—

பிப்ரவரி 12
காய்ச்சல் விட்டது. சோளக் கஞ்சி கிண்டும்போது அழுதேன். அடிப்பிடித்துவிட்டது. அப்படியே குடித்தாள்.

பிப்ரவரி 16
நூலகத்துக்குப் பின்னால் ஆலோசனை அறை. மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்பினேன். நான்காவது முறை தட்டினேன். ஆலோசகர் லுபாசி அம்மா அவித்த சோளத்தைப் பாதி ஒடித்துக் கொடுத்தார். "தூக்கம் போயி எவ்ளோ நாளாச்சு தம்பி?"
"எட்டு மாசம்."
அறிவுரை எதுவும் இல்லை. தெல்மா எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்! வாரா வாரம் வரச் சொன்னார்.

பிப்ரவரி 24
ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

மார்ச் 2
கல்லூரி வாசலில் கசூபாவிடம் சொன்னேன். "அப்பான்னே கூப்பிடு."
"இங்கேயுமா?"
"இங்கேயும்தான்."
கத்தினாள். மாமரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிசெங்கா கேட்டேவிட்டான்: "அப்போ அம்மா?"
"செத்துட்டாடா."
சொன்ன பிறகும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அவன் கசூபாவைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

மார்ச் 9
ஆசிரியர் வருகைப் பதிவில் என் பெயரை வாசித்தார். பின்வரிசையிலிருந்து சிசெங்கா, "சார், அவர் பேரு பாஷி கசூபா!" என்றான். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். மறுபடி வாசித்தார்.
"பாஷி கசூபா?"
"வந்திருக்கேன் சார்" என்றேன்.