பதினாறாம் தேதியின் மூன்றாவது வரி

செப்டம்பர் 2

இன்று அக்டோபரை ஆரம்பித்தேன். அடுத்த வருஷத்து அக்டோபரை. காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவன் வீட்டில் ஒரு வருஷத்திலும் வேலையில் இன்னொரு வருஷத்திலும் இருப்பான். இரண்டிலும் நான் உருப்படியாக இருந்ததில்லை என்பது மனைவியின் கட்சி.

தினமும் கிழிக்கும் தாளின் அடியில் 'இந்நாளில்' என்று ஒரு சின்னக் கட்டம். அதே தேதியில் முன்பு எப்போதோ, எங்கேயோ நடந்தவை. இரண்டே வரிக்குத்தான் இடம். ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நூலக அம்மா ஒவ்வொரு தேதிக்கும் ஐந்தாறு வரி தன் கையால் எழுதி அனுப்புவார். அதில் இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுவது என் வேலை. எதை வைப்பது என்பதற்கு முதலாளி எப்போதோ சூத்திரம் சொல்லிவிட்டார். கப்பல் முழுகியது, ராஜா செத்தது, ஊர் எரிந்தது. ஜனங்கள் அதைத்தான் படிப்பார்களாம். பதினோரு வருஷமாக அப்படியே செய்கிறேன். பத்தாம் வகுப்பில் வரலாற்றில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியவன் கையில் உலக வரலாறு. உலகமும் எப்படியோ தாங்குகிறது.

இன்றைய தேதியில், 1666இல், ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ லண்டனையே எரித்தது. மனைவி ரொட்டிக் கடை கவுண்டரில் நிற்பவள் ஆயிற்றே என்று சாயங்காலம் சொன்னேன். "எங்க கடையில இன்னைக்கு அடுப்பே பத்தலைங்க," என்றாள்.

செப்டம்பர் 5

நூலக அம்மாவின் தாளில் ஓர் அதிசயம். 1582இல் சில நாடுகளில் காலண்டரைத் திருத்தினார்களாம். அக்டோபர் நாலாம் தேதி படுத்தவர்கள் எழுந்தபோது பதினைந்தாம் தேதி. நடுவில் பத்து நாள் கிடையாது.

மத்தியானம் முழுக்க அந்தப் பத்து நாளிலேயே இருந்தேன். ஒரு தெரு. கடைகள் பாதி திறந்திருக்கின்றன. வெயில் அடிக்கிறது, ஆனால் நிழல் விழவில்லை. ஒருவரும் பிறக்கவில்லை, ஒருவரும் சாகவில்லை, யாருக்கும் பல்வலிகூட இல்லை. தபால்காரர் சைக்கிளில் வருகிறார். பையில் ஒன்றுமில்லை, சும்மா மணி அடித்துக்கொண்டு போகிறார். அச்சு மெஷின்காரர் வந்து தோளைத் தட்டியபோது திரையில் ஒரே எழுத்து எண்பது தடவை அடித்து வைத்திருந்தேன்.

மகளிடம் சொன்னேன். வழக்கம்போல வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டாள். இடது காது மூன்று வருஷமாகச் சீழ் வடிந்து வடிந்து இப்போது பாதிக்கு மேல் கேட்பதில்லை. "அந்தப் பத்து நாள்ல பரிட்சைய வச்சுட்டா நல்லாருக்கும்பா," என்றாள். பதினாலு வயதில் எனக்கும் இதே அறிவுதான்.

செப்டம்பர் 18, வெள்ளி

காது டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை அரிக்க ஆரம்பித்திருக்கிறது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். அது மேலே மூளைப் பக்கம் போவதைத் தடுப்பது முதல் வேலை, கேட்பது அதற்கப்புறம் என்றார். வெள்ளிக்கிழமைகளில்தான் செய்வாராம். அக்டோபர் 16 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். "தள்ளிப் போடாதீங்க," என்று இரண்டு தடவை சொன்னார்.

மகள் வெளியே வந்ததும் கேட்டாள். "முடிய மழிப்பாங்களாப்பா?" காதுக்குப் பின்னால் கொஞ்சம் என்றேன். "கொஞ்சம்னா எவ்வளவு?" ஒரு தபால்தலை அளவு என்று அடித்துவிட்டேன். எனக்கு என்ன தெரியும்.

மனைவியையும் மகளையும் வீட்டில் விட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனேன். போனவன் என் வேலையைப் பார்த்திருக்கலாம். முடித்து வைத்த அக்டோபரைத் திறந்து பதினாறாம் தேதித் தாளைப் பார்த்தேன். கட்டத்தில் என் கையால் நானே போட்ட இரண்டு வரி:

1793 — பிரான்ஸ் நாட்டு அரசியின் தலை வெட்டப்பட்டது.
1834 — லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது.

வெட்டு. தீ.

செப்டம்பர் 19

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இங்கேயும் மறைத்தால் அப்புறம் எங்கே சொல்வது?

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பதினாறாம் தேதி எங்கள் குடும்பத்தில் ஒரு விசேஷம், வேறு தேதி வேண்டும் என்றேன். போனை எடுத்த பெண் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து காலியாக இருப்பது நவம்பர் 6, சரியா என்றாள். சரி என்றேன். என் குரல் எனக்கே யாரோ கடைக்காரர் குரல் மாதிரி இருந்தது.

வீட்டில் ஆஸ்பத்திரிக்காரர்களே மாற்றிவிட்டார்கள் என்றேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, "டாக்டர் தள்ளிப் போடாதீங்கன்னு சொன்னாரே," என்றாள். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன மூடனா? கறுப்புப் பூனைக்கெல்லாம் சிரிக்கிறவன். ஆனால் பதினோரு வருஷம் தினமும் தேதிக்குத் தேதி சாவும் தீயும் எடுத்து ஒட்டினால் தேதியின் முகமே அப்படித்தான் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொரு தேதியும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி. சிலரைப் பார்த்ததுமே பயம்.

செப்டம்பர் 20

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வதும் ஒரு வேலைதானே.

அக்டோபர் 1

நூலக அம்மா புரூஃப் தாள்களைப் படித்துவிட்டுப் போன் செய்தார். பேச்சில் எப்போதும் ஒரு புன்னகை இருக்கும், இன்று இல்லை.

"பதினாறாம் தேதியில மூணாவது வரிய ஏங்க எடுத்தீங்க? சிவப்பு மையில கோடு போட்டுக் குடுத்திருந்தேனே."

அவர் அனுப்பிய தாள்கட்டை அவிழ்த்துத் தேடினேன். இருந்தது. அவருடைய சாய்ந்த எழுத்தில், அடியில் சிவப்புக் கோடு:

1846 — ஈதர் மருந்தை முகரவைத்துத் தூங்கச் செய்து, பலர் பார்க்க, ஓர் இளைஞனின் கழுத்துக் கட்டியை அறுவை செய்தனர். எழுந்தவன் வலி தெரியவில்லை, ஏதோ சுரண்டியது போல் இருந்தது என்றான்.

இதை நான் படித்திருக்கிறேன். போன மாதம் எப்போதோ, டீயைக் குடித்துக்கொண்டே படித்து, நீளம் அதிகம், ஆளும் சாகவில்லை என்று தள்ளியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேனோ. ஒரே தேதி. ஒரு கழுத்தை ஊரே வேடிக்கை பார்க்க வெட்டினார்கள். ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து அதே தேதியில் இன்னொரு கழுத்தில் கத்தி வைத்தார்கள், அவன் தூங்கி எழுந்து வீட்டுக்குப் போனான். அரசியும் அந்தப் பையனும் பதினாறாம் தேதியின் வாசலில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருப்பது போல் தோன்றியது. அவள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். அவனும் தொட்டுப் பார்க்கிறான். 

அக்டோபர் 2

காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போனேன். பதினாறாம் தேதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன், கடன் கொடுத்த குடையைக் கேட்பது போல. அந்த இடம் ஒரு பஸ் டிரைவருக்குப் போய்விட்டது. அவருக்கு இரண்டு காதும். எப்படிப் போய்க் கேட்பது?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அரசி, நாடாளுமன்றம், போன், பொய், மூன்றாவது வரி.

மனைவி சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "யாரோ ஒரு ராணிக்குத் தலை போச்சுன்னா நம்ம பொண்ணு காதுக்கு என்னங்க?" என்றாள். சத்தமே இல்லாமல். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் முதலில் சிரித்துவிட்டாள். "என் காதுக்குள்ள என்ன பார்லிமென்ட்டாப்பா நடக்குது?" நானும் சிரித்தேன். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அப்புறம் அவள் உதடு கோணிக்கொண்டது.

"பதினாறுக்குள்ள பயந்து முடிச்சுடலாம்னு தெனமும் கொஞ்சம் கொஞ்சமா பயந்துட்டிருந்தேன்பா. பாதி முடிச்சுட்டேன். இப்ப மறுபடியும் முதல்லேருந்து பயப்படணும்."

 நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் இடது பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது என் மகள் எனக்குச் சாத்துகிற கதவு.

அக்டோபர் 3

மனைவி பேசவில்லை. சாம்பாரில் உப்பு மட்டும் பேசியது.

அக்டோபர் 16, வெள்ளி

மகளுக்கு விடிகாலையிலேயே காய்ச்சல். காதுக்குப் பின்னால் வீங்கி, தொட விடவில்லை. தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் — நான்தான் பண்ணினேன். வேற யாரு? என் கையாலதான் போன் பண்ணினேன்.

ஆஸ்பத்திரி. டாக்டர் ஊசி போட்டு, சொட்டு மருந்து ஏற்றி, நாலு நாள் அங்கேயே இருக்கச் சொன்னார். வீக்கம் அடங்கினால் ஆறாம் தேதி வரைக்கும் தாங்கும், அடங்காவிட்டால் உடனே அறுக்க வேண்டும் என்றார். என்னைத் திட்டவில்லை. ஏன் தள்ளிப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். குடும்ப விசேஷம் என்றேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டாக்டரிடம், "என் மேல தப்பு சார், நாந்தான் தேதி மாத்தச் சொன்னேன்," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? கேட்கத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் ஆபரேஷன் வார்டைத் தாண்டிப் போனபோது ஒரு பெரிய உடம்பு, இரண்டு காதிலும் கட்டுடன், படுக்கையில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு கிடந்தது. பஸ் டிரைவராகத்தான் இருக்கும். பொறாமையாக இருந்தது. அப்புறம் சந்தோஷமாகவும் இருந்தது. பதினாறாம் தேதி அவருக்காவது நல்லபடி நடந்திருக்கிறது.

அக்டோபர் 20

வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் தேதி வரை மாத்திரை.

அச்சகத்துக்குப் போய், பதினாறாம் தேதி வரியை மாற்ற முடியுமா என்று மெஷின்காரரிடம் கேட்டேன். அக்டோபர் முழுக்க ஓடி, வெட்டி, தைக்கவே போய்விட்டதாம். "அடுத்த வருஷம் வீட்டுக்கு வீடு ராணி தலைதாண்ணே," என்றார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், ஆறுதல் போல.

நவம்பர் தாள்கள் பாக்கி. முதல்முறையாக நூலக அம்மாவின் எல்லா வரிகளையும் கடைசி வரைக்கும் படித்தேன். நவம்பர் 8, 1895: ஒருவர் இருட்டறையில் எதையோ சோதிக்கும்போது தூரத்தில் ஒரு திரை தானாக மினுங்குவதைப் பார்க்கிறார். எக்ஸ்ரே. யாரும் சாகவில்லை. மேலே வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "என்னய்யா, இந்த நவம்பர்ல எல்லாரும் பொழச்சுக்கிறாங்க?" என்று கேட்டார். விற்றால் சரி என்று போய்விட்டார்.

ஆறாம் தேதித் தாளை மட்டும் நான் தொடவில்லை. மெஷின்காரரிடம் கொடுத்து, நீங்களே இரண்டு வரி எடுத்துப் போடுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். படித்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அவர் முகம் சாதாரணமாகவே ஒரு மாதிரிதான்.

நவம்பர் 6, வெள்ளி

எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுபடுக்கையில் போகும்போது வலது காதை என் பக்கம் திருப்பினாள். "இன்னைக்கு என்ன நாளுப்பா?" தெரியாது, பார்க்கவில்லை என்றேன். "நெஜமாவா?" நிஜமாக என்றேன். என் கட்டைவிரலைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

மூன்றரை மணி நேரம். காத்திருக்கும் அறையில் பதினாறு நாற்காலி. ஒரு கிழவர் கால் கட்டுப் பிரிக்க வந்திருந்தார். ஒரு பெண் கையில் புத்தம்புதுக் குழந்தை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்க அழுதார். ஒரு பையன் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தான். இது எல்லாமே நவம்பர் ஆறு. இதில் எந்த இரண்டு வரியை எடுப்பேன்? எனக்கு அரைத் தூக்கம். சுவர் மெல்ல நீண்டுகொண்டே போய், உலகத்தில் இருக்கிற நவம்பர் ஆறுகள் எல்லாம் வரிசையாக வந்து உட்காருவது போல இருந்தது. இடம் போதவில்லை. சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை.

மனைவி தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அவள் தள்ளிவிடவில்லை. டாக்டரிடம் பழியை ஏன் உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று அப்போதுதான் கேட்டேன். "அவரு உங்கள அப்பாவி ஆளுன்னு நினைச்சிட்டிருக்கார். ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்," என்றாள்.

டாக்டர் வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டினார். அரித்த எலும்பைச் சுரண்டி எடுத்தாயிற்று. மேலே போகவில்லை. கேட்பது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது.

நவம்பர் 28

கட்டும் பஞ்சும் எடுத்தார்கள். இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை. பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். மழித்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மகள் சொன்னது: "நாலு தபால்தலைப்பா."

டிசம்பர் 13, ஞாயிறு

மத்தியானம். மனைவிக்குக் கடையில் வேலை. மகள் கட்டிலில் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். வலது காது தலையணையில் புதைந்திருக்கிறது. நான் மேஜையில். வெளியே தெருவில் ஒரு சத்தமும் இல்லை. இன்றைக்கு உலகத்தில் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையாவது உலகம் என்னை விடட்டும். நேற்று முதலாளி அடுத்த வருஷம் கட்டத்தை மூன்று வரியாக்கலாமா என்று

திடீரென்று மகள் திரும்பாமலே சொல்கிறாள்: "எழுதறத நிறுத்துங்கப்பா. பேனா கரகரன்னு கேக்குது, தூங்க முடியல."

நிறுத்துகிறேன்.